சென்சஸ் படிவமும் உங்கள் பகுதி க்ளினிக்கும்: அமெரிக்காவில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் படிப்பவர்களுக்கு

ஆங்கில வகுப்புக்கு வரும் பெரியவர்கள் பலர் காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என எதற்கும் போவது சமூக சுகாதார மையத்துக்குத்தான். கையில் காசில்லை என்று அங்கே யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம். அப்படிப்பட்ட இடத்துக்கு மருத்துவரும் பணமும் வந்து சேர்வதில் உங்கள் சென்சஸ் படிவத்துக்கும் பங்கு உண்டு. எப்படி என்று பார்க்கலாம்.

படி 1: கால அட்டவணை

அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை தலைக்கணக்கு நடக்கிறது. அடுத்தது 2030 ஏப்ரல் 1. இடைப்பட்ட ஆண்டுகளின் மக்கள்தொகை மதிப்பீடுகளும் இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதனால் ஒருமுறை விட்டுப்போன ஆளின் குறை பல ஆண்டுகள் தொடரும்.

படி 2: நோட்டில் ஒரு கணக்கு

இதைக் கட்டாயம் எழுதிப் பாருங்கள். ஒரு மருத்துவருக்கு 3,500 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்த இடம் மருத்துவர் பற்றாக்குறைப் பகுதி என்று அறிவிக்கப்பட வழி உண்டு. தேவை மிக அதிகமுள்ள பகுதிக்கு 3,000 போதும். வேறு நிபந்தனைகளும் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். உங்கள் பகுதியில் 3,600 பேர், ஒரே மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். 200 பேர் கணக்கில் விட்டுப்போனால் தாளில் 3,400. எல்லைக்குக் கீழே போயாச்சு! க்ளினிக் வாசலில் நிற்கும் கூட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கும். படிப்புக் கடனை அரசு அடைத்துத் தருவதால் இத்தகைய பகுதிகளுக்கு வேலைக்கு வரும் மருத்துவர்கள் உண்டு. அறிவிப்பு இல்லையென்றால் அந்த வழியும் அடைபடும்.

படி 3: மெடிக்கெய்டு பங்கு

மெடிக்கெய்டு என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. மாநிலத்தின் மெடிக்கெய்டு செலவில் மத்திய அரசு எத்தனை சதவீதம் தரும் என்பதை அந்த மாநிலத்தின் தனிநபர் வருமானம் தீர்மானிக்கிறது. மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுப்பார்கள். ஆட்கள் குறைந்தால் தனிநபர் வருமானம் கூடியதுபோலத் தெரியும், மத்தியப் பங்கு குறையும். தேசிய சராசரி வருமானமுள்ள மாநிலத்துக்கு 55 சதவீதம். அதன் மக்கள்தொகையை மட்டும் 2 சதவீதம் குறைத்து எண்ணினால் அது சுமார் 53 ஆகிவிடும். ஏற்கெனவே குறைந்தபட்சமான 50 சதவீதத்தில் நிற்கும் மாநிலங்களுக்கு இந்த இழப்பு இல்லை.

படி 4: யாரை எழுதுவது?

வழக்கமாக உங்கள் வீட்டில் வசிப்பவர் எல்லாரையும். உறவா, குடியுரிமை உண்டா என்பதெல்லாம் பொருட்டில்லை. கைக்குழந்தையை மறக்காதீர்கள்: 2020இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நிகரமாக 2.79 சதவீதம் விடுபட்டிருந்தது. ஊரிலிருந்து சில மாதம் தங்கிப்போக வந்திருக்கும் அப்பா அம்மாவைச் சேர்க்க வேண்டாம்.

படி 5: பயம் இருந்தால்

2020 படிவத்தில் குடியுரிமைக் கேள்வி இல்லை. சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு எண் எதையும் சென்சஸ் கேட்காது. யாராவது கேட்டால் அது மோசடி. உங்கள் பதில்களை வெளியிடும் ஊழியருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு.

படி 6: வகுப்பில் பழகுங்கள்

2020இல் 59 மொழிகளில் வழிகாட்டி வந்தது, தமிழிலும். அந்தப் பழைய படிவத்தையும் வழிகாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆசிரியரோடு ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். அப்புறம், 2030 வரை சும்மா இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு என்று ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு ஒரு படிவம் போகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தால் விளம்பரக் கடிதங்களோடு குப்பையில் போட்டுவிடாமல், அடுத்த வகுப்புக்கே எடுத்து வாருங்கள்.