குளத்தில் மிதப்பது பச்சைப் பாசியா, நீலப்பச்சைப் பாசியா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் தேரூர், சுசீந்திரம் வட்டாரக் குளங்களில் கோடை வெயில் ஏறி, நீர் வரத்து குறைந்து தேங்கும்போது மேலே படரும் பசுமையை நிறத்தை மட்டும் பார்த்து எடை போடுவது சரியன்று. நீலப்பச்சைப் பாசி என்பது உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதன் சில இனங்கள் நஞ்சு சுரக்கும்.

முதலில் நீண்ட கம்பால் படலத்தைத் தூக்கிப் பாருங்கள். இழை இழையாகத் தொங்கினால் பெரும்பாலும் பச்சைப் பாசி. பெயின்ட் போலக் கம்பில் அப்பினால் நீலப்பச்சைப் பாசி என்று ஐயுறலாம்.

அடுத்து, கையுறை அணிந்து, மேற்படலத்துக்குச் சற்றுக் கீழிருந்து கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு நீரெடுத்து மூடி, உணவுப் பொருள் இல்லாத குளிர்ந்த இடத்தில் இரவு முழுவதும் அசைக்காமல் வைக்க வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகளின் உயிரணுக்களில் வாயு நிறைந்த நுண்பைகள் இருப்பதால் அவை மேலே வளையமாகத் திரளும். பச்சைப் பாசி பெரும்பாலும் அடியில் படியும். இது அடையாளம் காட்டுமே தவிர நஞ்சை அளக்காது. அதற்கு ஆய்வகமே வேண்டும்.

விடியுமுன் ஒருமுறை குளக்கரைக்குச் செல்வதும் பயன்தரும். இரவில் பாசியும், இறந்த பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால், சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அது மிகவும் குறைந்திருக்கும். அப்போது கெண்டை மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் குளம் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். விராலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது எப்போதும் காற்றைச் சுவாசிக்க மேலே வருவதே.

நீலப்பச்சைப் பாசி என்று தோன்றினால் ஆடுமாடுகளை அந்த நீரில் இறக்காதீர்கள். காய்ச்சினாலும் இவ்வகைப் பாசி சுரக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு அழியாது. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் வகைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான். பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவும் யோசனையை நான் ஏற்கமாட்டேன்: உயிரணுக்கள் வெடித்து, உள்ளிருந்த நஞ்சு முழுவதும் நீரில் கலந்துவிடும்.

நிலையான தீர்வு, பாசிக்கு ஊட்டமாகும் பாஸ்பரஸ் வரத்தைக் குறைப்பதுதான். நைட்ரஜனை மட்டும் குறைத்தால் போதாது. நெல்வயலில் அசோலா என்னும் நீர்ப்பெரணியோடு வாழ்ந்து உரமாகும் அனபீனாவைப் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே குளத்தில் விழும் சாக்கடை, துணி துவைத்த நீர், உரமிட்ட வயலின் வடிகால் ஆகிய மூன்றில் எது அதிகம் என்று கரையைச் சுற்றி நடந்து பார்த்து, முதலில் அதைத் திருப்பிவிடுங்கள்.