சர்வர் கண்காணிப்பை எங்கிருந்து தொடங்குவது?

தரமணியிலோ சிறுசேரியிலோ சிறு குழுவாக ஒரு செயலியை நடத்துபவர்கள், எது நின்றுபோனால் வாடிக்கையாளர் உடனே தொலைபேசியில் அழைப்பார் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது உள்நுழைவும் பணம் செலுத்துதலுமாகவே இருக்கும். அவற்றின் பதில் நேரம், கோரிக்கைகளின் எண்ணிக்கை, பிழை விகிதம், சர்வரின் கொள்ளளவு எந்த அளவுக்கு நிரம்பியுள்ளது ஆகிய நான்கையும் அளப்பது தொடக்கத்துக்குப் போதும்.

அளவுகளைச் சேகரித்து வைக்கும் கட்டணமில்லாத மென்பொருளான புரோமிதியஸ் இதற்கு நல்ல தேர்வு. லினக்ஸ் சர்வரில் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரலை இயக்கினால், அது 9100 என்ற போர்ட்டில் (சர்வரின் இணைப்பு வாயில்) சிபியு, நினைவகம், டிஸ்க் ஆகியவற்றின் அளவுகளைத் தரும். புரோமிதியஸ் அவற்றை 15 நொடிக்கு ஒருமுறை எடுத்துச் சேமிக்குமாறு அமைத்து, கிராஃபனா என்ற மென்பொருளில் வரைபடமாகப் பார்க்கலாம். அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது.

எச்சரிக்கைகளில்தான் மிகுந்த கவனம் தேவை. சிபியு 80 சதவீதத்தைத் தொட்டது என்பதற்காக நள்ளிரவில் ஒருவரை எழுப்புவதைவிட, இதே வேகத்தில் போனால் 4 மணி நேரத்தில் டிஸ்க் நிரம்பிவிடும் என்று முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை எவ்வளவோ மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நின்றன. கண்காணிக்கும் சர்வரும் கண்காணிக்கப்படும் சர்வரும் ஒரே கட்டடத்தில் இருந்தால், அத்தகைய நாளில் எச்சரிக்கையும் சேர்ந்தே நின்றுவிடும். எனவே உள்நுழைவுப் பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும் வேலையை மும்பை போன்ற வெளியூர்ச் சர்வர் ஒன்றிடம் ஒப்படையுங்கள்.