நகரத்துக்குள் பறக்கும் சாலை: கோடு இழுப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்?

சிவில் முடித்து கன்சல்டன்ட் ஆபீஸில் சேர்ந்த புதிதில் கூகுள் எர்த்தைத் திறந்து வைத்து, "இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு லிங்க் போட்டுக் காட்டு" என்பார்கள். பத்து நிமிடத்தில் அழகான ஒரு கோடு வந்துவிடும். வீடுகள் குறைவாக இருக்கும் பக்கமாக, வளைவுகள் நிதானமாக, நீளமும் குறைவாக. அந்தக் கோட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

உதாரணத்துக்கு சென்னை துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையையே எடுத்துக்கொள்வோம். நகர்ப்புற விரைவுச்சாலை இணைப்பு ஒன்றில் என்னவெல்லாம் சிக்கலாகுமோ அத்தனையும் அங்கே நடந்திருக்கிறது, அதுவும் எல்லோர் கண் முன்னாலும். 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கிலோமீட்டர், பெரும்பகுதி கூவம் கரையோரமாக. வேலை தொடங்கித் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது, 2012இல் மாநில அரசு நிறுத்தியது. அங்கீகரித்த தடத்தை மீறி ஆற்றுக்குள் தூண் போடுகிறார்கள், வெள்ள ஓட்டம் தடைபடும் என்பது காரணம். 2014இல் உயர் நீதிமன்றம் அந்த நிறுத்த உத்தரவை ரத்து செய்தது, ஆனாலும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார், இந்த முறை ஏறக்குறைய 20.5 கிலோமீட்டர், இரண்டு அடுக்கு, 5,800 கோடி ரூபாய்க்கு மேல். நடுவில் பத்து வருடம் அந்த மொட்டைத் தூண்கள் கூவத்தில் சும்மா நின்றன.

சரி, வேலைக்கு வருவோம்.

வண்டியை எண்ணுவது, அதுவும் ராத்திரியில்

முதலில் கேட்க வேண்டியது ரோடு யாருக்கு என்பது. ஏழு நாள், 24 மணி நேரமும் வண்டி எண்ணிக்கை எடுப்பது வழக்கம். ஆனால் சென்னை மாதிரி ஊரில் கனரக வாகனங்களுக்குப் பகலில் நகரத்துக்குள் தடை நேரங்கள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள் இருட்டிய பிறகுதான் உள்ளே நுழையும். பகல் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் கார், பைக் கூட்டம்தான் தெரியும், லாரி இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். லாரி இல்லாமல் இல்லை, வெளியே வரிசையில் நிற்கிறது. அதனால் தடை நேரத்தில் லாரிகள் எங்கே காத்திருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். டீக்கடையில் டிரைவரிடம் பேசுங்கள், எங்கே லோடு ஏற்றினார், எங்கே இறக்குவார், எத்தனை மணி நேரம் சும்மா நின்றார் என்று. முறைப்படியான புறப்பாடு–சேருமிட சர்வேயும் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் படிவத்தில் எந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும்.

இந்தக் கணக்கு சரியாக வந்தால் வடிவம் தானாக வரும். துறைமுக லாரிக்கு நடுவில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை, முனையிலிருந்து முனை வரை நேராகப் போனால் போதும். ஊர்க்காரரின் காருக்கு நேர்மாறு, இரண்டு மூன்று கிலோமீட்டரில் இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே தளத்தில் விட்டால் 40 டன் லாரி பின்னால், பிரேக் அடித்து ரேம்ப்பில் (பாலத்தில் ஏறி இறங்கும் சரிவுப் பாதை) இறங்கப் பார்க்கும் கார் முன்னால். இரண்டடுக்குத் திட்டத்தில் கீழ்த்தளம் ரேம்ப்களோடு உள்ளூர் வண்டிகளுக்கு, மேல்தளம் துறைமுகக் கனரக வண்டிகளுக்கு என்று பிரித்திருப்பதில் உள்ள தர்க்கம் இதுதான்.

இறங்கும் இடம் முதலில், கோடு அப்புறம்

பெரும்பாலானவர்கள் மெயின் லைனை முடித்துவிட்டு ரேம்ப்பை எங்காவது ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கீழே சாலையில் 5.5 மீட்டர் உயர இடைவெளி விட வேண்டும். கர்டர் (தளத்தைத் தாங்கும் உத்திரம்), தளம் எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டரை மீட்டர். ஆக மேல்பரப்பு 8 மீட்டர் உயரத்தில். லோடு லாரி மூச்சு வாங்காமல் ஏற 30 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு என்று வைத்தால் 240 மீட்டர் நீளம், மேலும் கீழும் வளைவு சேர்த்தால் 300ஐத் தொடும். இரண்டாம் அடுக்கு என்றால் உயரம் 16 மீட்டருக்கு மேல் போகும், ரேம்ப் அரை கிலோமீட்டரைத் தாண்டும். இந்த 300 மீட்டரோ 500 மீட்டரோ, அதில் நடுவே ஒரு குறுக்குத் தெருகூட இருக்கக் கூடாது. ரேம்ப் தரையை நெருங்கும் கடைசிப் பகுதி சுவர் மாதிரி இருக்கும், அந்தப் பக்கக் கடைக்காரர் இந்தப் பக்கம் வர சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

இப்போது வரைபடத்தில் அப்படி 300 மீட்டர் எங்கெல்லாம் கிடைக்கிறது என்று தேடுங்கள். கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் புள்ளிகளைக் குறித்துவிட்டு அவற்றை இணைக்கிற மாதிரி கோடு போடுங்கள். ரேம்ப் இறங்கி முதல் சிக்னல் வரை குறைந்தது எத்தனை வண்டி வரிசையில் நிற்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் கீழே சிவப்பு விழுந்தால் மேலே பாலத்தில் ஹாரன் கேட்கும்.

காலியாகத் தெரியும் நிலம்

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கூவம் கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. பதிவேட்டில் அது ஆற்றுப் புறம்போக்கு, தனியார் பட்டா குறைவு, நஷ்டஈடு குறைவு, கோர்ட் கேஸ் குறைவு. டவுன் சர்வே பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வைத்து மட்டும் பார்த்தால் யாரும் அந்தக் கோட்டைத்தான் இழுப்பார்கள். ஆனால் பட்டா இல்லாத நிலத்தில் உரிமை கோரத்தான் ஆள் அதிகம். நீர்வளத் துறை வரும், வெள்ள மட்டம் கேட்கும். முகத்துவாரம் பக்கம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வரும். நேப்பியர் பாலம் அருகே கடற்படை இருக்கிறது, அதனால்தான் 2022இல் போட்ட ஒப்பந்தத்தில் நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகம், மாநில அரசு மூவரோடு கடற்படையும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட்டது. எழும்பூர்–சேத்துப்பட்டு பகுதியில் ரயில் பாதை ஆற்றைக் கடக்கிறது, சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏற்கனவே மேலே போகிறது. ரயில்வே ஒப்புதல் வாங்க வரைபடத்தை எடுத்துக்கொண்டு எத்தனை முறை நடக்க வேண்டும் என்பது நடந்தவருக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் புறம்போக்கில் மனிதர்கள் இருக்கிறார்கள். கரையோரக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது ஊரறிந்த விஷயம். டிபிஆரில் (விரிவான திட்ட அறிக்கை) இது ஒரு வரி: 'மறுகுடியமர்வு, இத்தனை குடும்பங்கள்'. ஆனால் சென்ட்ரல் பக்கம் வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போகிற ஒரு பெண்ணுக்கு 20 கிலோமீட்டருக்கு அப்பால் வீடு கொடுத்தால் வேலை போய்விடுகிறது. கணக்கெடுப்பில் தலை எண்ணுவதோடு நிறுத்தாமல் தொழில், பள்ளி, பஸ் செலவு மூன்றையும் எழுதுங்கள். இடம் மாற்றுவது தவிர்க்க முடியாது என்றால் அதை மே மாதத்தில் வைக்கச் சொல்லி அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் லாரியில் சாமான் ஏற்றுகிற கொடுமை வேண்டாம்.

ஆற்றோரம்தான் என்று முடிவானால், தூணை எங்கே வைக்கிறீர்கள் என்பதை ஒவ்வொன்றாக நியாயப்படுத்தத் தயாராக இருங்கள். தூண் எத்தனை சதுர மீட்டர் ஓட்டப் பரப்பை அடைக்கிறது, அதனால் மேல்பக்கம் நீர்மட்டம் எவ்வளவு ஏறும், அடியில் மண் எவ்வளவு அரிக்கும் என்ற கணக்கை முதல் நாளே நீர்வளத் துறையோடு உட்கார்ந்து போடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு 'கூவத்தில் தண்ணீரே ஓடாது' என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். முக்கியமானது, அனுமதி வாங்கிய வரைபடமும் சைட்டில் பைல் (தூணுக்கு அடியில் ஆழமாக இறக்கும் அஸ்திவாரம்) போடும் வரைபடமும் ஒன்றாக இருக்க வேண்டும். சைட்டில் ஒரு தூணைச் சில மீட்டர் தள்ளிப்போடுவது சாதாரணம், ஆனால் அந்தத் தள்ளல் ஆற்றுப் பக்கம் என்றால் திருத்திய வரைபடத்துக்கு மறுபடி ஒப்புதல் வாங்கிய பிறகு பைலுக்குத் துளையிடும் ரிக்கை நகர்த்துங்கள்.

பட்டா நிலத்துக்குச் சுருக்கமாக: தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இன் 3ஏ பிரிவில், நிலம் எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் நில உரிமையாளர் ஆட்சேபம் சொல்லலாம். ஓராண்டுக்குள் நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பை வெளியிடாவிட்டால் 3ஏ காலாவதி. ரேம்ப்பின் இடம் உறுதியாகாமல் 3ஏ போட்டுவிட்டுப் பின்னால் சர்வே எண் மாற்றுகிறவர்கள் ஒரு வருடத்தைத் தொலைப்பது உறுதி.

மண்ணுக்கு அடியில்

குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் வரைபடம் கேட்டால் கொடுப்பார்கள். குழாய் அந்த இடத்தில் இருக்காது. பழைய ஊரில் ஒரு மெயின் லைன் வரைபடத்தைவிட இரண்டு மீட்டர் தள்ளி இருப்பது சகஜம். ரேடார் வைத்துப் பாருங்கள், ஆனால் பைல் கேப் (பைல்களின் தலையை இணைக்கும் கான்கிரீட் மேடை) வரும் ஒவ்வொரு இடத்திலும் கடப்பாரை, மண்வெட்டியால் குறுக்காக ஒரு பள்ளம் தோண்டிப் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஜேசிபி வேண்டாம், அது உயரழுத்தக் கேபிளைக் கண்டுபிடிக்கும் விதமே வேறு.

போர்ஹோலில் (மண்ணைச் சோதிக்கத் தோண்டும் துளை) சிக்கனம் பிடிக்காதீர்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இளகிய களிமண் ஆழமாக இருக்கும், அடுத்த தூணிலேயே மாறியும் இருக்கும். ஒவ்வொரு தூணுக்கும் ஒன்று போடுங்கள். எதிர்காலத்தில் இன்னொரு அடுக்கு வருமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஓரடுக்குக்குக் கணக்குப் போட்ட பைல் மேல் பிறகு இரண்டு அடுக்கைத் தூக்கி வைக்க முடியாது.

கட்டும்போது

காஸ்டிங் யார்டுக்கு (பாலத்தின் துண்டுகளை முன்கூட்டியே வார்க்கும் இடம்) இடம் பார்த்த பிறகு டெண்டர் போடுங்கள். செக்மென்ட் என்கிற அந்தத் துண்டுகளை வார்க்க, அடுக்க, ஏற்ற பல ஏக்கர் வேண்டும், அது 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒவ்வொரு செக்மென்ட்டும் டிரெய்லரில் இரவு நேரத்தில் மட்டுமே வரும். ஆற்றுப் பக்கப் பைல் வேலையைப் பிப்ரவரி முதல் செப்டம்பருக்குள் முடிக்கும்படி அட்டவணை போடுங்கள். அக்டோபர் வந்துவிட்டால் ஆற்றில் போட்ட மண் திட்டு, தற்காலிகப் பாதை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

கர்டர் ஏற்றும் இரவுதான் மிக ஆபத்தானது என்று நினைப்போம். ஏற்றிய பிறகு அதைத் துல்லியமாக உட்கார வைக்க ஜாக்கியில் தூக்கி நகர்த்தும் நேரமும் அதே அளவு ஆபத்துதான், ஆனால் அதற்குள் கவனம் தளர்ந்திருக்கும். மதுரை நத்தம் சாலை மேம்பாலம் கட்டும்போது 2021 ஆகஸ்டில் கர்டர் விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார், ஜாக்கியால் தூக்கும் வேலையின்போதுதான் அது நடந்தது. ஜாக்கியின் சோதனைச் சான்று, பக்கவாட்டில் சாயாமல் இருக்கக் கட்டும் முட்டு, அடியில் ஆள் இல்லை என்று பார்க்க ஒரு தனி ஆள், இந்த மூன்றும் இல்லாமல் தொடங்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் சைட் இன்ஜினியருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக மழைத் தண்ணீர். தளத்திலிருந்து வரும் தண்ணீரைத் தூண் வழியாகக் கீழே கொண்டுவரும் குழாயைப் பாருங்கள், நம் ஊர் மேம்பாலம் பலவற்றில் அது தரைக்கு இரண்டடி மேலேயே முடிந்துவிடும், அல்லது யாரோ உடைத்திருப்பார்கள். மழை பெய்தால் கீழே பைக்கில் ஒதுங்கி நிற்பவர் தலையில்தான் விழும். டிராயிங்கில் அந்தக் குழாய் எந்த வடிகாலில், எந்த மட்டத்தில் சேர்கிறது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'அருகிலுள்ள வடிகால்' என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.