தேத்தண்ணியும் கணக்கில் சேரும்

"நான் கோப்பி தொடுறதே இல்லை" என்று வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லும்போதே கையில் சாயம் கூடின பால் தேத்தண்ணி இருக்கும். கஃபீன் விஷயத்தில் நாம் விடும் முதல் பிழை இது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியிலேயே 40, 50 மில்லிகிராம் இருக்கும். சாயம் தடித்தால் இன்னும் கூடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 வரை பரவாயில்லை என்பதுதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சொல்லும் அளவு. பிள்ளைத்தாச்சிகளுக்கு 200. ஐரோப்பியக் கணக்கில் அதுவே பால் கொடுக்கும் தாய்மாருக்கும்.

அடுத்த பிழையை நானே மாதக் கணக்காக விட்டேன். எனக்குக் கோட்டையில் வேலை. விடிய ஆறு மணிக்கு ஒன்று, கந்தோரில் மூன்று, வீட்டுக்கு வந்து ஒன்று. சனிக்கிழமை அரை நாள் என்பதால் கடைசிக் கோப்பை நாலு மணியோடு முடிந்துவிடும். ஞாயிறு ஒன்பது மணி வரை நித்திரை. எழும்பினால் நெற்றிப்பொட்டில் தலையிடி. கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்தேன், வெயில் என்று நினைத்தேன். பாமசியில் வாங்கிய குளிசை இரண்டு போட்டால் அரை மணித்தியாலத்தில் போய்விடும். நல்ல குளிசை என்று நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். ஒருநாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பரசிற்றமோல் 500, கஃபீன் 65. அதாவது ஏறக்குறைய மூன்று தேத்தண்ணியை விழுங்கிவிட்டு, தலையிடி போனது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்!

கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள், கஃபீன் கிடைக்காததால் இந்தத் தலையிடி வரும். சஷ்டியின் முதல் நாளிலும் நோன்பின் முதல் பின்னேரத்திலும் வருவதைப் பசி என்று நினைக்கிறோம். பல பேருக்கு அது தேத்தண்ணி கேட்கும் தலைதான். இப்படிக் கலந்த குளிசைகளை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் போட்டால், அதுவே தலையிடியைக் கொண்டுவரும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அப்ப இது போதையா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, கஃபீனை விட்டவுடன் வரும் உபாதையை நோய்நிலையாக ஏற்றது. அடிமைத்தனம் என்பதை மட்டும் இன்னும் ஆராயவேண்டியது என்று ஒதுக்கி வைத்தது. சாராயத்தோடு ஒன்றாக வைக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணமும். ஆனால் "நினைத்தால் நாளைக்கே விடுவேன்" என்று ஒரேயடியாக நிறுத்துவது வீண் வீராப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உபாதை உச்சம். அதோடு பெரும்பாலானோர் திரும்பிவிடுவார்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கோப்பையைக் குறைத்துக்கொண்டு வந்தால் உடம்புக்குத் தெரியாது. நான் அப்படித்தான் மூன்றுக்கு வந்தேன். விடியற்காலைக் கோப்பையில் மட்டும் கை வைக்கவில்லை.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இரவு பத்து மணிக்கு எனர்ஜி டிரிங்க் குடிப்பது இன்னொரு கதை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் உட்காரவேண்டிய இடத்தில், பஸ்ஸில் லேஞ்சி போட்டு சீட் பிடிப்பதுபோல கஃபீன் இடம் பிடித்துக்கொள்ளும். களைப்பு இறங்கிப் போவதில்லை, நின்றுகொண்டே வருகிறது. 250 மில்லிலீற்றர் கான் ஒன்றில் ஏறக்குறைய 80 மில்லிகிராம். அதில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். அதிகாலை மூன்று மணிக்கும் ஒரு தேத்தண்ணி அளவு உள்ளே நிற்கும். படித்தது மனதில் பதிய வேண்டிய நித்திரையும் கெடும்.

கடைசியாக, இரும்புச்சத்து பற்றி ஒன்று. இதில் குற்றவாளி கஃபீன் இல்லை, சாயத்திலுள்ள தனின் போன்ற பொருட்கள். சோறு தின்ற கை காயமுன் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுக்காது. கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையை வெறுந்தேத்தண்ணியோடு விழுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்குங்கள். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் பொறுக்கட்டும்.