கணினியைப் பூட்டுவதற்கு முதல் நாள்: மேசைக்கு வர வேண்டியவை

பிராசசர் முதல் எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) வரை எல்லாப் பெட்டிகளும் வீட்டுக்கு வந்துவிட்டால் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனாலும் இன்று எதையும் பொருத்த வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். டெஸ்க்டாப் கணினியைப் பூட்டுவது, அதாவது பாகங்களைச் சேர்த்துப் பொருத்துவது, கடினமான வேலையில்லை. பாதி வேலையில் ஒரு சின்னத் திருகோ பென்டிரைவோ இல்லை என்று தெரியவரும்போதுதான் புதியவர்கள் திணறுகிறார்கள். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதும் அப்போதுதான். அதனால் ஒரு மாலைப் பொழுதை ஆயத்தத்துக்கென்றே ஒதுக்குங்கள்.

படி 1: இடமும் எர்த்தும்

சாப்பாட்டு மேசை போதும். ஏ.டி.எக்ஸ். என்ற அளவிலுள்ள மதர்போர்டு (பாகங்கள் எல்லாம் இணையும் பலகை) 305 × 244 மில்லிமீட்டர். அதன் பக்கத்தில் கேபினட்டைப் படுக்கவைக்கவும் இடம் வேண்டும். மேசைவிரிப்பை எடுத்துவிடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியே அதை வைத்து வேலை செய்ய நல்ல மேடை. அது சுற்றி வந்த வெள்ளி நிறப் பையின் மேல் வைத்து மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பை ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடும் எர்த். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டினால்தான் விரல் நுனியில் சுருக்கென்று தெரியும். சில சிப்புகளோ அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டிலேயே கெட்டுவிடும். அதாவது, நமக்குத் தெரியாமலே சேதம் நடந்துவிடலாம். சென்னையின் புழுக்கத்தில் இந்த ஆபத்து குறைவு, ஏ.சி. அறையில் காற்று உலர்வதால் கூடுகிறது. ஆன்டி ஸ்டேடிக் கைப்பட்டை ஒன்று வாங்கி, அதன் கிளிப்பைக் கேபினட்டில் பெயின்ட் படாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பட்டைக்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அணிந்திருப்பவரின் பாதுகாப்புக்காக வைத்தது அது. வெறும் வயரைக் கையில் கட்டிக்கொள்வது அதற்கு ஈடாகாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேபினட்டில் பொருத்தி, மூன்று முள் பிளக்கைச் செருகி, சுவிட்சை அணைத்து வைத்தால் கேபினட்டுக்கு எர்த் கிடைத்துவிடும். நம் ஊர்ச் சுவர் சுவிட்ச் ஃபேஸ் வயரை மட்டுமே துண்டிக்கிறது; எர்த் இணைப்பு அப்படியே இருக்கும். ஆனால் பழைய வீடுகளில் எர்த் துளை இருந்தும் உள்ளே வயர் இல்லாமல் இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கணினி ஓடப்போகும் வருடங்கள் முழுவதற்கும் இது தேவை.

படி 2: ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர்

அறுபது முனைகள் கொண்ட செட் வேண்டாம். 2-ஆம் எண் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காந்த முனையுடன், தண்டு 15 சென்டிமீட்டராவது நீளமாக இருக்கட்டும். ஏறக்குறைய எல்லா வேலையும் இதிலேயே முடியும். மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய சேமிப்பகமான எம்.2 எஸ்.எஸ்.டி.யின் திருகு மட்டும் மிகச் சிறியது. அதற்கு 1 அல்லது 0 எண் முனை வேண்டும். பெரிய முனையை வைத்து அழுத்தினால் திருகின் தலை தேய்ந்து வழுக்கும், பிறகு கழற்றவே முடியாது.

படி 3: திருகுகளைப் பிரித்து வைத்தல்

கேபினட்டோடு வரும் சின்னப் பையைத் தட்டில் கொட்டி, வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஒன்றுபோலவே தெரிந்தாலும் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். மரை அகலமாக, சற்றுத் தடிப்பாக இருப்பது 6-32 என்ற அளவு; கேபினட், எஸ்.எம்.பி.எஸ்., 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்கு இதுதான். மரை நெருக்கமாக, மெலிந்திருப்பது எம்3 என்ற அளவு; 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கு உரியது. விரலால் இரண்டு சுற்று எளிதாகச் சுற்றினால் சரியான திருகு. முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மாற்றுங்கள். பலத்தைக் காட்டினால் துளையின் மரை போய்விடும்.

முட்டை அட்டையில் ஒரு துண்டை வெட்டி, குழிக்கு ஒரு வகையாகப் போட்டு, பேனாவால் பெயர் எழுதி வையுங்கள். மதர்போர்டைத் தாங்கும் சிறு கால்களான ஸ்டாண்டாஃப்களை இப்போதே எண்ணிப் பாருங்கள், ஏ.டி.எக்ஸ். போர்டுக்கு வழக்கமாக 9. எம்.2 திருகு கேபினட் பையில் அல்ல, மதர்போர்டு பெட்டியில் இருக்கும். பெட்டியைக் குப்பையில் போடுமுன் தேடி எடுத்துவிடுங்கள். தொலைந்துபோனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

படி 4: தெர்மல் பேஸ்ட்

பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை இது. பிராசசருடன் வரும் கூலரில் பேஸ்ட் தடவியே வரும். ஆனால் வைத்த கூலரை ஒருமுறை தூக்கிவிட்டால், துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் தடவ வேண்டும். முதல் தடவை பூட்டுபவருக்கு அது நேர்வது சகஜம் என்பதால் சிறிய டியூப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் தேவை. சானிடைசர் வேண்டாம், அதில் சேர்க்கும் கிளிசரின் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

படி 5: இரண்டு பென்டிரைவ்

வேறொரு கணினி கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது இது. குறைந்தது 8 ஜி.பி. பென்டிரைவில் விண்டோஸ் 11 நிறுவியைத் தயார் செய்யுங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களையும் (அவற்றை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இறக்கி அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள். நிறுவும் இடையில் விண்டோஸ் இன்டர்நெட் கேட்கும்; புதிய வைஃபை சிப்பை அதற்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது பென்டிரைவ், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது, பயாஸுக்காக, அதாவது கணினியை ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடும் மென்பொருளுக்காக. ஏ.எம்.டி. பிராசசர்களுக்கென 2022-இல் வந்த பி650 போர்டில் 2024-இல் வந்த ரைசன் 9000 வரிசைப் பிராசசரைப் பொருத்தினால், பழைய பயாஸ் அதை அறியாது. திரையில் எதுவும் வராது. பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டுகளில் பிராசசர் இல்லாமலே அப்டேட் செய்யலாம். கோப்புக்கு என்ன பெயரிட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தையும், பவர் பட்டன் வயர்களுக்கான படம் உள்ள பக்கத்தையும் மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பெட்டிகளைச் சரிபார்த்தல்

கேபிள் டை, சிறு கத்தரி, டார்ச் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். பிராசசர் பெயரின் முடிவில் எஃப் இருக்கும் இன்டெல் வகைகளில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரை ஒளிராது. வாங்கியது எது என்று இப்போதே பார்த்துவிட்டால், தேவைப்பட்டால் நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லோடு சேர்த்துப் படமெடுங்கள். பூட்டிய பிறகு பல ஸ்டிக்கர்கள் கண்ணுக்குத் தெரியாது. மதர்போர்டைத் திறக்கும்போது சாக்கெட் முட்களை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். ஒரு முள் வளைந்திருந்தாலும் அந்த வரிசையில் ஒளி தடுமாறும். அப்படித் தெரிந்தால் தொடாமல், பிளாஸ்டிக் மூடியை மறுபடி போட்டு, அன்றே கடைக்காரரிடம் சொல்லுங்கள். முட்கள் நன்றாக இருந்தாலும் அந்த மூடியைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டிக்காகப் போர்டைத் திருப்பி அனுப்பும்போது அது தேவைப்படும்.