வீட்டில் செய்த மேசைப் பலகைக்கு எந்தப் பூச்சு?

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டின் சிறிய அறையில் பூச்சு வேலை செய்வோருக்கு, நெடி குறைந்ததும் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்வதுமான, நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ், மரத்துக்கு அழகிய பொன்னிறம் தரும். ஆனால் அதன் நெடி எளிதில் அகலாது. மெழுகு மட்டும் பூசினால் சூடான கோப்பிக் குவளையின் தடம் பதிந்துவிடும்.

பலகையை 220 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்தபின், மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். பலர் மறந்துவிடும் அடிப்பக்கத்தையும் விளிம்புகளையும் அவசியம் பூச வேண்டும். இரவில் குளிரூட்டி ஓடிப் பகலில் ஈரக்காற்று நிறையும் நம் அறைகளில், ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை மறுபக்கத்தின் வழியே ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடக்கூடும். தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும், கணினியை வைப்பதற்கு ஒரு வாரமாவது பொறுத்திருங்கள்.