பொதுக் கணினியில் 777 அனுமதி வேண்டாம், 2775 போதும்

தோட்டத்து மண்டபத்தில் பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் லினக்ஸ் கணினியில் மென்பொருளைக் கையால் இறக்கிப் போடுவதென்றால், உங்கள் ஹோம் கோப்புறையில் (உங்கள் கணக்குக்கான சொந்தக் கோப்புறை) போடாதீர்கள். 'ஆப்ட்' (/opt) கோப்புறையில் வைத்து, உரிமையாளராக ரூட்டையே, அதாவது கணினியின் நிர்வாகிக் கணக்கையே, விடுங்கள். யார் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்பதைச் சொல்லும் அனுமதி எண், கோப்புறைகளுக்கும் ஓடும் கோப்புகளுக்கும் 755, மற்றவற்றுக்கு 644. பிள்ளைகள் சேர்ந்து எழுதும் கோப்புறைக்கு மட்டும் டியூஷன் என்று ஒரு குழு அமைத்து, கோப்புறையை அந்தக் குழுவுக்குச் சொந்தமாக்கி, 2775 கொடுங்கள்.

755 என்றால் எல்லோரும் ஓட்டலாம், ரூட் மட்டும்தான் மாற்றலாம். உபுண்டு 21.04 முதல் புதிதாகத் திறக்கும் ஹோம் கோப்புறைக்குள் அடுத்தவர் நுழையவே முடியாது. அங்கே போட்ட மென்பொருள் உங்களுக்கு மட்டும்தான். 2775-இல் முன்னால் நிற்கும் அந்த 2-தான் விஷயமே: உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் தானாக டியூஷன் குழுவுக்குச் சொந்தமாகும். காலையில் ஒரு பிள்ளை தொடங்கிய கணக்குத் தாளை மாலையில் இன்னொரு பிள்ளை திருத்தலாம். யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம் என்கிற 777 போடுவது, கேட்டைத் திறந்து போட்டுவிட்டு, மாடு வந்து செடியைத் தின்றுவிட்டதே என்று புலம்புகிற கதை.

புதிய கோப்புகளில் எந்த அனுமதிகளை விலக்குவது என்று சொல்லும் உமாஸ்க் (umask) 022 என்றிருந்தால் இப்படிச் சேர்ந்து திருத்துவது பலிக்காது, 002 ஆக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து நகர்த்திய கோப்பு பழைய குழுவோடே வரும், நகலெடுத்துப் போடுங்கள். குழுவில் சேர்த்த பிள்ளை ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். எஃப்ஏடி32 (FAT32) வடிவில் அமைத்த பென்டிரைவில் இந்த அனுமதிகள் எதுவும் பதியாது. கையால் இறக்காமல், உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஏபிடி (apt) வழியாக நிறுவினால், அப்புறம் மென்பொருள் அனுமதியைப் பற்றிக் கவலையே இல்லை.